சுவர்க்கோழிப் பானைகள் வெளியே போகாது

முடியாதுடா. நீ கேட்டதற்குப் பதில் இந்த ஒரு வார்த்தைதான். இதை மட்டும் எழுதிப் போட்டுவிட்டு சைக்கிள் கடையைத் திறக்கப் போயிருப்பேன். உன் அம்மா விடவில்லை. “மொட்டையா முடியாதுன்னு எழுதினா அவன் இன்னான்னு நெனப்பான்? காரணத்த எழுது. எல்லாத்தையும் எழுது” என்று சொல்லிவிட்டு, எழுதி முடிக்கிறவரை சோறு கிடையாது என்பதுபோல அடுப்பங்கரை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். எல்லாத்தையும் என்றால் இன்லேண்டு லெட்டர் போதாது. உன் தங்கச்சி நோட்டில் நடுப்பக்கங்களைக் கிழித்திருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜில் உன்னோடு தங்கியிருக்கிற மூன்று பேரும் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள் என்று தெரியும். பார்க்கட்டும். நீயே சத்தமாகப் படித்துக் காட்டு. உன் அப்பன் பூச்சி வளர்க்கிறான் என்பதை நீதான் மறைக்கிறாய். நான் மறைக்கவில்லை.

நீ எழுதியதை ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் குன்றத்தூரிலிருந்து பெண் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். பெண்ணின் அப்பா போர்மேன், சுத்தம் பார்க்கிற மனிதர். அவர் கண்ணில் பின்பக்கச் சார்ப்பில் இருக்கிற ஓணான் பெட்டியும், அதற்குத் தீனியாக நான் வளர்க்கிற சுவர்க்கோழிப் பூச்சிகளின் பானைகளும் படக்கூடாது. தூக்கிப் போடச் சொன்னால் நான் கேட்கமாட்டேன் என்று உனக்குத் தெரியும். அதனால் ஒரு யோசனை சொல்லியிருக்கிறாய்: ‘இந்த வாரம் மலேரியாக்காரங்க மருந்தடிக்க வர்றாங்களாம் நைனா. இந்தத் தடவ சார்ப்புக்குள்ளயும் விட்டுடு. தானா ஒழிஞ்சிடும். யாரும் எதையும் தூக்கிப் போட வேணாம்.’ நல்ல மூளைடா உனக்கு. மருந்துக்கு நான் விரோதி இல்லை. உன் அம்மா மலேரியாவில் நடுங்கியபோது மூன்று கம்பளிக்கு மேலே ஏறிப் படுத்தவன் நான். வருகிறவர்களை வாசலில் வரவேற்று, கூடத்திலும் படுக்கிற அறையிலும் தாராளமாக அடிக்க விடுகிறேன். சார்ப்புக் கதவில் மட்டும் நானே நிற்பேன். ஏன் நிற்கிறேன் என்பது உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வரியை நீ எழுதியிருக்க மாட்டாய்.

நான் எதிலும் நிற்காதவன் என்பது ஊருக்கே தெரியும். ஒன்பதாவதில் கணக்கு வாத்தியார் வெளியே போய் நில் என்றார். வெளியே போனவன் நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன், அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. படப்பையில் ரைஸ் மில், அப்புறம் லாரி கிளீனர், அப்புறம் செங்கல் சூளை. எங்கேயும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதில்லை. வேலை கடினம் என்று விடவில்லை, யாராவது ஒருவன் அதட்டுவான், நான் ஒன்று சொல்வேன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். அதட்ட ஆள் இல்லாத இந்தச் சைக்கிள் கடையைக்கூட நினைத்த நாளில்தான் திறக்கிறேன். பதினெட்டு வயதில் கல்யாணம், அடுத்த வருடம் நீ. நாற்பதுகூட முழுசாக ஆகாத என்னை உன் கடிதத்தில் ‘வயசான காலத்துல இதெல்லாம் எதுக்கு’ என்று எழுதியிருக்கிறாய். பெண் வீட்டாரிடம் காட்டுவதற்காக என்னைக் கிழவன் ஆக்காதே. நான் முதல்முறையாக விடாமல் பிடித்துக்கொண்ட காரியம் இந்தப் பூச்சி வளர்ப்பு. அதைக் கற்றுக்கொடுத்தவன் யார் தெரியுமா? நீதான். உனக்கு அப்போது எட்டு வயது.

நம் தெருப் பையன்கள் ஓணானை என்ன செய்வார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈர்க்குச்சி நுனியில் சுருக்குப் போட்டு, வேலியில் வெயில் காய்கிறதன் கழுத்தில் மாட்டி இழுப்பார்கள். அது நம்மைப் பார்த்தாலே ரத்தத்தை உறிஞ்சிவிடும், அதனால்தான் அதன் கழுத்து சிவக்கிறது என்று சொல்லித் தொப்புளைக் கையால் மூடிக்கொண்டு கல்லால் அடிப்பார்கள். வாயைப் பிளந்து மூக்குப்பொடியைத் திணிப்பார்கள். அது கிறுகிறுத்துச் சுற்றும், இவர்கள் கைதட்டுவார்கள். நானும் அந்த வயதில் தட்டியிருக்கிறேன். அன்றைக்கு நீ சுருக்கோடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடி வந்தாய். அதன் வாயெல்லாம் பொடி. அழுது உன் மூக்கு வழிந்துகொண்டிருந்தது. “நைனா, நாந்தான் சுருக்குப் போட்டேன். சும்மா புடிக்கலாம்னுதான் போட்டேன். அவனுங்க பொடி வெச்சிட்டானுங்க. வாய கழுவி உடு நைனா” என்றாய். பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டியிலேயே அதன் வாயைக் கழுவினேன். பிழைத்தது. தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டியது. உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சூளையில மேஸ்திரி இப்பிடித்தான் ஆட்டுவாருன்னு சொன்னியே” என்று நீயே அதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்தாய். அதன் ஒரு பின்னங்கால் இழுத்துக்கொண்டதால் வெளியே விட்டால் காக்கை தூக்கிவிடும். ஜாதிக்காய்ப் பலகைப் பெட்டி ஒன்றைப் பிரித்து, பழைய கொசுவலையை அடித்துக் கூண்டு செய்து கொடுத்தேன். ஒரு வாரத்தில் செத்துவிடும், பிறகு பெட்டி நமக்கு ஆகும் என்றுதான் நினைத்தேன்.

அது சாகவில்லை. பசித்தது. செத்த பூச்சியைப் போட்டால் திரும்பியும் பார்க்காது, அசைகிறதைத்தான் பிடிக்கும். மழை நாளில் வெட்டுக்கிளிக்குக் குறைவில்லை. சித்திரை வெயிலில் ஏரியே வெடித்துக் கிடந்தபோது ஒன்றும் அகப்படவில்லை. அப்போதுதான் சுவர் இடுக்கில் கத்துகிற சுவர்க்கோழிகளைப் பிடித்து வளர்த்தால் என்ன என்று தோன்றியது. எனக்குத் தோன்றியது என்று இத்தனை நாள் பெருமையடித்திருக்கிறேன், நம்பாதே. நான் செய்த முதல் மூன்று முறையும் மண்ணாய்ப் போனது. பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன், வெந்து செத்தன. பானையில் போட்டுத் தண்ணீர் தெளித்தேன், பூசணம் பிடித்து வீடே நாறியது. தண்ணீரை நிறுத்தினேன், தாகத்தில் ஒன்றை ஒன்று தின்றன. உடைக்கலாம் என்று பானையைத் தூக்கியபோது நீ குடிதண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கிற ஈரமணலுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்தாய். தப்பி ஓடிய சுவர்க்கோழி ஒன்று அங்கே இருந்தது. “நைனா, சத்தம் போடாத. அது மண்ணுக்கு ஊசி போட்டுகினு கீது” என்றாய். பெட்டைக்கு வால் பக்கம் ஊசி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அதை மணலுக்குள் இறக்கி இறக்கி எடுத்தது. முட்டை வைக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொட்டாங்குச்சியில் ஈரமணல் நிரப்பிப் பானைக்குள் வைத்தோம். தின்னத் தவிடும் கீரைத் தண்டும். குடிக்க ஈரத்துணி மட்டும், கிண்ணம் வைத்தால் முழுகிவிடும். ஏறி வராமல் இருக்கப் பானைக் கழுத்தின் உட்பக்கம் விளக்கெண்ணெய். எறும்பு வராமல் இருக்கப் பலகைக் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கொட்டாங்குச்சி. இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் மணல் நகர்ந்தது. மணல் இல்லை, மிளகில் பாதிகூட இல்லாத குஞ்சுகள். நீ தெரு முழுக்க ஓடிச் சொன்னாய். அதிலிருந்து மேஸ்திரிக்குத் தீனி கொடுப்பது உன் வேலை. நான் நீட்டினால் வாயைத் திறக்காது, உன் விரலிலிருந்துதான் வாங்கும். ஈரம் அதிகமானால் நாறும், குறைந்தால் ஒன்றை ஒன்று தின்னும், அளவு பார்த்துத் தெளி என்று உனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேன். கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு ஜாடையாகப் புத்தி சொல்கிறேன் என்று நினைக்காதே. பூச்சியைத்தான் சொல்கிறேன்.

இனிமேல்தான் உன் அம்மா எழுதச் சொன்னது. மலேரியாக்காரர்கள் அந்த வருடம் வந்தபோது நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். நான் புத்திசாலி அல்லவா, முன்கூட்டியே பானைகளையும் மேஸ்திரியையும் தூக்கி முருங்கை மரத்தடியில் வைத்துவிட்டேன். பம்பு அடித்து, சுவரெல்லாம் வெள்ளை பூத்ததுபோல் டிடிடி தெளித்து, கதவுக்குப் பக்கத்தில் தேதி எழுதிவிட்டுப் போனார்கள். ஒரு பூச்சிக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சுவர் இடுக்குகளிலிருந்து கரப்பான்கள் வெளியே வந்து மல்லாந்து விழ ஆரம்பித்தன. நம் வீட்டில், பக்கத்து பிலோமினா அக்கா வீட்டில், வாசலில். காலை உதறிக்கொண்டே கிடந்தன. அசைகிறது அல்லவா! பானையில் இருந்த சுவர்க்கோழிகள் எல்லாம் இன்னும் குஞ்சு, மேஸ்திரிக்குப் பல்லிடுக்குக்குக்கூடப் போதாது. இது கொழுத்த தீனி, அள்ள அள்ளக் கிடக்கிறது என்று ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொண்டு பொறுக்கினேன். பிலோமினா அக்கா பார்த்துவிட்டது. “யோவ், இன்னாத்துக்கு அத்த பொறுக்கினு கீற?” என்றது. ஓணானுக்கு என்றேன். “அறிவு கீதாய்யா ஒனக்கு? மருந்து பட்டு துடிக்கிறத எடுத்து வாயில்லா ஜீவனுக்குக் குடுக்குற?” என்றது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஓணான் இன்னா உன்ன மாதிரி காபி குடிக்கிற ஒடம்பா? அது எதையும் தாங்கும். வேலையப் பாருக்கா” என்றேன். தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. மேஸ்திரி ஐந்து கரப்பான் தின்றது. என் கையிலிருந்து அது வாங்கித் தின்றது அன்றைக்குத்தான்.

வெயில் சாய்வதற்குள் அதற்கு நடுக்கம் கண்டது. முதலில் நகம், பிறகு கால், பிறகு உடம்பு முழுக்க. கரப்பான் உதறியதுபோலவே உதறியது. வாயைக் கழுவினேன், பழைய ஞாபகத்தில். வாயில் ஒன்றும் இல்லை. நீ புத்தகப் பையோடு உள்ளே வந்தபோது அது அசையாமல் கிடந்தது. நீ என்னைப் பார்த்து, “இன்னா ஆச்சு நைனா?” என்று கேட்டாய். அந்த நேரம் பிலோமினா அக்கா அவர்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தது. நான் உண்மையைச் சொன்னால் அதன் காதில் விழும். அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணம் தேடாதே. வாழ்க்கையில் ஒன்றைச் சரியாகச் செய்தேன், அதையும் நானே கெடுத்தேன் என்று ஒரு பொம்பளை முன்னால் ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. “நேத்து பூரா கையில வெச்சிகினு வெளையாடின இல்ல? கைச்சூடு அதுக்கு ஆவாது. எத்தினி தபா சொன்னேன்?” என்றேன். நான் ஒரு தபாகூடச் சொன்னதில்லை. நீ அழவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாய்.

அது பொய்டா. மேஸ்திரியைக் கொன்றவன் நான். உன் கை இல்லை, உன் கைச்சூடு இல்லை. ஓணான் சூட்டுக்குத்தான் வேலியில் ஏறி உட்காருகிறது, இதைக்கூட யோசிக்காத வயது உனக்கு. இரண்டு நாள் கழித்து உன் அம்மா, ஒரு மாதக் குழந்தையாக இருந்த உன் தங்கச்சியை உன் மடியில் விட வந்தாள். நீ எழுந்து சுவரோரம் போய்விட்டாய். “நான் தொட மாட்டேன். நான் தொட்டா செத்துப்பூடும்” என்றாய். அவள் குழந்தைப் பேச்சு என்று நினைத்தாள். நான் அங்கேயே உட்கார்ந்து ட்யூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது. தலையைத் தூக்கவில்லை. அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அதன் பிறகு நீ பானைப் பக்கம் வரவே இல்லை. பெரியவனானபோது அருவருப்பு என்று சொன்னாய், நானும் சரி, அருவருப்புதான் என்று நம்பிக்கொண்டேன். போன வருடம் உன் சித்தி மகளின் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்ததே, கோயில் வாசலில் அவள் குழந்தையை உன்னிடம் நீட்டினாள். நீ பின்வாங்கி, “கையில கிரீஸு” என்றாய். வெள்ளைச் சட்டை, லீவு நாள், காலையில் சோப்புப் போட்டுக் குளித்தவன். கையில் கிரீஸ் எங்கிருந்து வந்தது? அப்போது எனக்குப் புரிந்தது. புரிந்தும் ஒரு வருடம் ஓட்டிவிட்டேன். இப்போது உனக்கு ஒருத்தி வரப்போகிறாள், நாளைக்குப் பிள்ளை பிறக்கும். அதையும் கிரீஸ் என்று சொல்லித் தள்ளி நிற்பாயா?

பானைகளை நான் ஏன் விடவில்லை என்று நீ ஒருமுறை கேட்டாய். நான் அதட்டி அனுப்பினேன். மேஸ்திரி செத்த வாரமே பானைகளை ஏரியில் எறிந்துவிடத் தூக்கினேன். குஞ்சுகள் தோல் உரித்து வெள்ளை வெளேரென்று நின்றன. நீ ஊசி என்று சொன்னாயே, அதுகள் எல்லாம் அந்த ஊசியிலிருந்து வந்தவை. எறிய முடியவில்லை. மற்ற வேலைகளைத் துண்டை உதறி விட்டதுபோல இதை விட்டால், உன் கையில் நான் ஒட்டிய பொய்யை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பேன் என்று தோன்றியது. அடுத்த மழையில் யாரோ கல்லடி பட்ட ஓணான் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். அப்புறம் இன்னொன்று. இப்போது இருப்பது ஒற்றைக்கண்ணன், இந்தப் பொங்கலுக்கு முன்னால் வந்தது. அது பக்கவாட்டில் திரும்பித்தான் பூச்சியைப் பார்க்கும், வேலியில் விட்டால் இரண்டு நாள் தாங்காது. நீ சார்ப்புக்குள் விடச் சொல்கிற மருந்து பானைகளில் பட்டால் சுவர்க்கோழி சாகும், அதைத் தின்று இதுவும் நடுங்கும். அதை இரண்டாவது முறை என்னால் பார்க்க முடியாது. உன் கல்யாணத்துக்காகக்கூட முடியாது.

உன் கடிதம் வந்ததும் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்காமல், “பன்னெண்டு வருசமா எனுக்கு ஒரு வார்த்த சொல்லல இல்ல?” என்றாள். பிறகு, “எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம்? அவன்கிட்ட சொல்லு” என்றாள். பிலோமினா அக்காவுக்கு அன்றைக்கே தெரியும். இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. எப்போதாவது என்னோடு சண்டை வந்தால் மட்டும், “நான் வாயத் தொறந்தேன்னு வெச்சுக்கோ” என்று நிறுத்திக்கொள்ளும். இனி அதற்கு அந்த ஆயுதமும் கிடையாது. உன்னிடம் மன்னிப்பு கேட்டு அழுது எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே, எனக்கு அது வராது. செய்தது நான், சொல்லிவிட்டேன். திட்டுவதானால் நேரில் வந்து திட்டு, தெருவில் நின்று திட்டு, நான் கதவைச் சாத்தமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வரட்டும். கூடத்தில் பாய் போட்டிருக்கும், காபி இருக்கும், சார்ப்புக் கதவும் திறந்தே இருக்கும். சத்தம் கேட்டு அது என்ன என்று கேட்டால் கூட்டிப்போய்க் காட்டுவேன். நம் பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்தபோது அந்தச் சத்தத்தைக் கேட்டு, “இன்னாப்பா, பாட்டுக் கச்சேரி?” என்று சிரித்து, பானைமேலும் நாலு சொட்டுத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். போர்மேனுக்கு அவரைவிட ஆசாரமா? ஓர் ஓணானைப் பார்த்துப் பெண் கொடுக்க மறுக்கிறவர்கள் மறுக்கட்டும், அந்தப் பழியையும் நானே வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணிடம் நீ எதையும் ஒளித்து ஆரம்பிக்காதே. ஒளித்தது உள்ளேயே இருந்து என்ன செய்யும் என்று என் மகன் கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டவன் சொல்கிறேன். சனிக்கிழமை ஓ.டி. வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் ஏறி நேராக வா. கையைக் கழுவாதே. கிரீஸ் இருந்தால் இருக்கட்டும். பானையிலிருந்து ஒரு சுவர்க்கோழியை எடுத்து ஒற்றைக்கண்ணனுக்கு உன் விரலால் நீட்டு. நான் நீட்டினால் இதுவும் வாங்கமாட்டேன் என்கிறது. அது உன்னிடம் வாங்கித் தின்னும், மறுநாள் காலையில் உயிரோடு தலையை ஆட்டும். நீ அதைப் பார்க்க வேண்டும். பிறகு உன் தங்கச்சி...

இரு, தங்கச்சிதான் ஓடி வருகிறாள். “நைனா, வந்துட்டாங்க, பிலோமினாத்த வூட்டுல அடிச்சிகினு கீறாங்க!” பம்புச் சத்தம் கேட்கிறது. அடுத்தது நம் வீடு. சார்ப்புக் கதவில் நான் இருக்க வேண்டும். போகிறேன்.